நாண் தளர்த்தியவள்

நாண் என்பது ஒரு நற்குணம். தன் பொருட்டுப் பிறர் முகம் சுளிக்கலாகாது என்று ஒருவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் காவல் அது. ஆயினும் நம் மொழி கூரியது. மனத்தின் அந்தக் காவலுக்கு வைத்த பெயரையே அது வில்லின் கயிற்றுக்கும் வைத்தது. அம்பு தொடுக்கும் வேளையில் நாணேற்றி, வேளை முடிந்ததும் நாணிறக்கி வைப்பவனே வில்லாளி. அல்லும் பகலும் ஏற்றியே கிடந்த வில், போர் வந்த அன்று வளைந்தது வளைந்தபடியே நிற்கும், அம்பு போகாது.

வித்தோஷா மலையின் மேற்குச் சரிவில், யாவொரெட்ஸ் என்னும் ஊரில், ஓராண்டுக் காலம் அப்படி நாணிறக்காமல் வாழ்ந்தாள் ஒருத்தி. பெயர் ஸ்தாமெனா.

ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தாள். முச்சந்தி ரொட்டிக்கடையில் விடியலில் மாவு மூட்டை தூக்குவதும், பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய பனிட்சாவைத் தட்டுத் தட்டாக அடுப்பில் ஏற்றி இறக்குவதும் அவள் பிழைப்பு. பிழைப்பு அது, உயிர் வேறிடத்தில் இருந்தது. ஊர்ப் பெண்கள் ஐவர் சேர்ந்து பாடும் கூட்டத்தில் முதற்குரல் அவளுடையது. மற்ற நால்வரும் ஒரே சுருதியைத் தேன்கூடு இரைவது போல் அடியில் முழக்கிக்கொண்டிருக்க, அதன்மேல் ஏறி நின்று இவள் பாட்டை எடுத்துச் செல்வாள். பாட்டடி முடியும் இடத்தில் குரலைச் சட்டென்று உச்சிக்கு வீசி ஒரு கூவல் கூவுவாள். அந்தக் கூவல் இல்லாத பாட்டை அச்சரிவில் எவரும் பாட்டென்று ஒப்புவதில்லை.

"ஸ்தாமெனா கூவினா மேய்ப்பன் ஆட்ட விட்டுட்டு ஓடி வருவான். ஆடு அவனுக்கு முன்னாடி வந்து நிக்கும்," என்பாள் அடிக்குரல் பாடும் கொஸ்தாதின்கா. சிறு வயது முதலே இருவரும் தோழிகள்.

கசிவு முதலில் மாவு மூட்டையில்தான் தொடங்கியது. மூச்சைப் பிடித்து மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது ஒரு துளி. பின்பு தும்மலில். பின்பு சிரிப்பில். அவள் சிரிப்பை விட்டாள்; தண்ணீர் குடிப்பதை விட்டாள். அன்று தொட்டு அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாமற் போயிற்று. கோயிலில் கதவோரம் நின்றாள். கல்யாண விருந்தில் மேசை ஓரத்து நாற்காலிக்குச் சண்டை பிடித்தாள். வீட்டை விட்டுக் கிளம்பிப் படலை வரை வந்தவள், எதற்கும் ஒருமுறை என்று திரும்பி ஓடுவாள். பெர்னிக் நகரத்தை மற்றவர்கள் கடைகளைக் கொண்டு அறிந்திருந்தார்கள். அவள் கழிப்பறைகளைக் கொண்டு அறிந்திருந்தாள். வாடை வருமோ என்று அஞ்சி, கணவன் ராங்கெலின் படுக்கையை விட்டு, மணமாகிப் போன மகளின் அறைக்குப் போய்ப் படுத்தாள். "உங்க குறட்டை தாங்கல," என்றாள். இருபத்தைந்து ஆண்டு தாங்கிய குறட்டை அது.

ஜார்ஜ் திருநாள் அன்று ஊர்த் திடலில் ஆட்டுக்குட்டி சுட்டு விருந்து வைத்தார்கள். ஐவரும் பாடினார்கள். இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டி, மூச்சை இழுத்து, ஸ்தாமெனா கூவினாள். குரல் மலைக்குப் போயிற்று. வெதுவெதுப்பாக ஒன்று தொடை வழியே கம்பளிக் காலுறைக்குப் போயிற்று. ஒரு கணம் நின்றாள். பிறகு மேசைமேல் இருந்த மோர்க்குடத்தை எட்டி எடுத்து, கை தவறியதுபோல் தன் இடுப்பின்மேல் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஐயய்யோ, வழுக்கிருச்சே!"

திடலே சிரித்தது. கொஸ்தாதின்கா மட்டும் சிரிக்கவில்லை. குடம் மேசையின் அந்தக் கோடியில் அல்லவா இருந்தது? எட்டிப் போய் வழுக்குகிற கையை அவள் அதற்குமுன் கண்டதில்லை.

மறுநாளிலிருந்து ஸ்தாமெனா பாட்டுக்கு வரவில்லை. ஊர் தன் வழக்கப்படி மருந்து சொல்லிற்று. இடுப்புக்குக் கீழ் எந்த நோய் வந்தாலும் அங்கே காரணம் ஒன்றுதான்: குளிர்ந்த கல்லில் உட்கார்ந்தது. ஸ்தாமெனாவும் இரகசியமாகச் செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி அதன்மேல் அமர்ந்து பார்த்தாள். நகரத்து மருத்துவர் ஒருவரிடமும் போனாள். அவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மூணு பெத்திருக்கீங்க, வயசும் ஆச்சு. பேட் வச்சுக்குங்கம்மா," என்று அனுப்பிவைத்தார்.

ஒரு காலை கொஸ்தாதின்கா கடைக்கு வந்து, பனிட்சா வாங்காமல் நின்றாள்.

"ஏண்டி, எலியா திருநாளுக்குப் பாட வரமாட்டியாமே?"

"தொண்ட சரியில்ல."

"தொண்ட சரியில்லாததுக்கு எவளாச்சும் மோர எடுத்து இடுப்புல ஊத்துவாளா?"

ஸ்தாமெனாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

"நம்ம கூட்டத்துப் பவ்லீனாவ முதற்குரல் எடுக்கச் சொல்லப் போறாங்களாம்," என்றாள் கொஸ்தாதின்கா. "அவ கூவினா கதவுக் கீலுக்கு எண்ணெ போடணும்னுதான் எனக்குத் தோணும். அதுக்கு அடிக்குரல் பாடறதுக்கு நான் வாய மூடிக்கிட்டு வீட்டுல கெடப்பேன். கேளு. என் மருமக பிள்ள பெத்தப்புறம் இதே தொல்லதான் அவளுக்கும். பெர்னிக்ல ஒரு பொண்ணுகிட்டப் போனா. பிசியோதெரபி."

"பிசியோதெரபியா? அது முட்டிக்குத்தானடி!"

"அங்கயும் தசை இருக்காம்டி. தொட்டில் துணி மாதிரி விரிஞ்சு கெடக்காம், எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு. நம்ம ரெண்டு பேரும் இத்தன வருஷம் அத மிதிச்சே கொன்னுருக்கோம்."

ஒருமுறை கைமாறிய முதற்குரல் திரும்பி வந்ததாக யாவொரெட்ஸில் வழக்கமில்லை. எலியா திருநாளில் பவ்லீனா கூவிவிட்டால், ஸ்தாமெனா சாகும்வரை கேட்கிறவள்தான், பாடுகிறவள் அல்லள். அதை எண்ணித்தான் அவள் புறப்பட்டாள். ராங்கெலிடம் முதுகுவலி என்றாள்.

"முதுகு வலிக்குத் திருநாள் பாவாட கட்டிக்கிட்டுப் போறவள இப்பத்தான் பாக்குறேன்," என்று சொல்லிக்கொண்டே அவன் வண்டியை எடுத்தான். வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினான். ஓராண்டாக அவனுக்குக் காபிப் பித்து. பங்க்கைக் கண்டால் வண்டி நிற்கும். அவன் காபி வாங்கப் போன நேரத்தில் இவள் கழிப்பறைக்கு ஓடி வந்தாள். திரும்பியபோது காபி பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

மருத்துவ அறைக்குள் நுழைந்ததும் அவள் கண் தேடியது ஆளை அன்று, கதவை.

"எடது பக்கம் ரெண்டாவது கதவு," என்றது ஒரு குரல். "இங்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல அதத்தான் தேடுவாங்க. போய்ட்டு வாங்கக்கா, ஒண்ணும் அவசரமில்ல."

அவள் பெயர் அல்பேனா. முப்பத்தைந்து வயதிருக்கும், வலுவான தோள், சிறிய கை. டாக்டரம்மா என்று ஸ்தாமெனா தொடங்கியதும், "நான் டாக்டர் இல்லக்கா, பேரச் சொல்லியே கூப்பிடுங்க," என்று அமர்த்தினாள். அதன்பின் கேள்விகள். இருமினால் வருகிறதா, அவசரம் தாங்காமல் வருகிறதா? தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள்? மலச்சிக்கல் உண்டா? பிள்ளைப்பேற்றில் கிழிந்து தைத்தார்களா?

"வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குதா?"

ஸ்தாமெனாவின் காது சிவந்தது. "இதுக்கும் அதுக்கும் என்ன?"

"எல்லாம் ஒரே தசைதான்க்கா." அல்பேனா பிளாஸ்டிக்கில் செய்த இடுப்பெலும்பு ஒன்றை எடுத்து, அதன் அடியில் பரந்திருந்த சிவப்புத் தசையைக் காட்டினாள். முன்னெலும்பிலிருந்து வால் எலும்புவரை கட்டிய ஒரு தளம். மூத்திரப்பையும் கருப்பையும் மலக்குடலும் அதன்மேல் குடியிருந்தன. "உள்ள ஒரு விரல் வச்சுப் பாத்தாத்தான் இது எப்படி வேல செய்யுதுன்னு முழுசாத் தெரியும். கருவி கிருவியெல்லாம் கிடையாது. வலிக்கக் கூடாது, வலிச்சா நிறுத்திருவேன். இன்னிக்கேன்னும் கட்டாயமில்ல. வேணாம்னா வேற வழில ஆரம்பிக்கலாம். இன்னிக்குப் பாக்கலாமா?"

ஸ்தாமெனா தலையை மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினாள். யாவொரெட்ஸில் பிறந்த குழந்தைக்கும் அது மறுப்பு என்று தெரியும். அல்பேனா புன்னகைத்துக் கையுறையை எடுத்தாள்.

"ஏய், ஏய்! மாட்டேன்னு சொன்னேன்ல!" ஸ்தாமெனா பாவாடையை இரு கையாலும் பற்றிக்கொண்டு எழுந்தே விட்டாள்.

அல்பேனா கையுறையைக் கீழே போட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்கக்கா! பத்து வருஷம் ஜெர்மனில வேல பாத்தேன். அங்க தலைய மேல கீழ ஆட்டினா சரின்னு அர்த்தம். இங்க வந்ததுலேருந்து என் தலைக்கு எந்த ஊருன்னே தெரியல. போன வாரம் தக்காளிக்காரன் வேணுமான்னு கேட்டான். வேணாம்னு பக்கவாட்டுல ஆட்டினேன். ஒரு கூட கட்டிக் கையில குடுத்துட்டான். இன்னிக்கும் தக்காளிதான் தின்னுக்கிட்டிருக்கேன்."

ஸ்தாமெனாவுக்குச் சிரிப்பு வந்தது. வழக்கம்போல் பல்லைக் கடித்து அடக்கினாள். அல்பேனா அதைக் கவனித்துக்கொண்டாள்.

"இனிமே இந்த ரூம்ல தலை பேச வேணாம். வாய்தான் பேசணும். சரின்னா சரி. வேணாம்னா வேணாம். நடுவுல நிறுத்துன்னா நிறுத்து. எங்க, சொல்லுங்க பாப்போம்."

"எத?"

"வேணாம்ங்கறத."

"வேணாம்," என்றாள் ஸ்தாமெனா. தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. மூன்று பிள்ளை பெற்ற அறைகளிலும், பின்பு ஏறி இறங்கிய மருத்துவமனைகளிலும், செய்யலாமா என்று எவரும் அவளைக் கேட்டதில்லை. கேளாத இடத்தில் மறுமொழிக்கு ஏது வழி?

அன்று உடுத்த துணி உடுத்தபடியே இருக்க, மூச்சு மட்டும் பார்த்தார்கள். விலாவில் கை வைத்து, மூச்சு எங்கே போகிறது என்று அல்பேனா பார்த்தாள். அது நெஞ்சோடு நின்றது. கீழே இறங்க அஞ்சியது.

இரண்டாம் முறை ஸ்தாமெனா வாயால் "சரி" என்றாள். முழங்காலுக்குமேல் போர்வை. கையுறை, வழவழப்புக்கு ஒரு களிம்பு; அது சற்றுக் குளிர்ந்தது. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே அல்பேனா செய்தாள். வலி இல்லை. ஸ்தாமெனா கூரையில் இருந்த விரிசலைப் பார்த்தபடி, கட்டிலின் விளிம்பைப் பற்றியிருந்தாள். எழுந்து ஓடிவிடலாமா என்று கால் துடித்தது.

"இப்ப மூத்திரத்த அடக்குற மாதிரி மேல இழுங்கக்கா."

"இழுத்தாச்சு."

"ம்... அசையலயே. இன்னொரு தரம் இழுங்க."

"இழுத்துக்கிட்டுத்தான இருக்கேன்!"

"எப்பலேருந்து இழுத்துக்கிட்டிருக்கீங்க?"

ஸ்தாமெனா மறுபடி கூரை விரிசலைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "போன வருஷத்துலேருந்து."

அல்பேனா சிரிக்கவில்லை. "அதான் பாத்தேன். ஏற்கெனவே மேலயே ஏறி நிக்கிறது இன்னும் எங்க ஏறும்? இப்ப விடுங்க."

"விட்டா வந்துரும்."

"வராது. வந்தாத்தான் என்ன? துணி இருக்கு, தண்ணி இருக்கு, நானும் இருக்கேன். விடுங்கக்கா."

அவளால் விட முடியவில்லை. எவ்வளவு முயன்றும் எங்கே விடுவது என்றே தெரியவில்லை. உடை மாற்றி வந்து அமர்ந்ததும் அல்பேனா, "கைய நல்லா இறுக்கி மூடுங்க. இன்னும் இறுக்கி. இந்தாங்க, பிடிங்க!" என்று தன் சாவிக்கொத்தை எறிந்தாள். மூடிய முட்டியில் பட்டுச் சாவி தரையில் விழுந்தது.

"பாத்தீங்களா? பிடிக்கணும்னா மொதல்ல கை தெறந்திருக்கணும். நாள் முழுக்க மூடியே வச்சிருந்தா தும்மல் வர்ற நேரத்துல அது என்னத்தப் பிடிக்கும்? பாவம், அசந்து போயிருக்கு. மொதல்ல விடக் கத்துக்கணும். அப்புறம் பிடிக்கறது. நடுவுல போறத நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க, அது கெடுதல். தண்ணி குடிங்க, குடிக்காட்டி உள்ள இருக்கறது கெட்டியாகி இன்னும் அரிக்கும். மூட்ட தூக்கும்போது மூச்சப் பிடிக்காதீங்க, வெளிய விடுங்க."

"எத்தன நாள்ல சரியாகும்?"

"நாள் இல்லக்கா. மாசக் கணக்கு."

எலியா திருநாளுக்கு இரண்டு மாதமே இருந்தது. வீட்டுக்கு வந்த ஸ்தாமெனாவுக்குச் சினம் பொங்கியது. ஏதாவது கடுமையாகச் செய்யச் சொல்வாள் என்று போனால், மல்லாந்து படுத்து வயிற்றைத் தளர்த்தி மூச்சு விடு என்கிறாள். தளர்வதா? தளர்ந்ததனால் அல்லவா இந்தக் கேடு! பிடிவாதத்துக்குப் பெயர் போன வட்டாரம் அது. அங்கே கழுதைகூடப் பெண்களிடம்தான் பாடம் கேட்கும் என்பார்கள். அவள் சொன்னதற்கெல்லாம் நேர்மாறாகச் செய்தாள். அடுப்படியில் நின்று இறுக்கினாள், நடக்கும்போது இறுக்கினாள், சிறுநீரைப் பாதியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பாட்டு உடையின் நீண்ட கம்பளிக் கச்சையை எடுத்து, வேலை உடுப்பின் அடியில் மூச்சு முட்டச் சுற்றிக்கொண்டாள். விளைவு, ஒரு காலை மாவு மூட்டையோடு நின்ற இடத்திலேயே நனைந்தாள்.

மூன்றாம் முறை போனது சிகிச்சைக்கு அன்று, சண்டைக்கு.

"உங்ககிட்ட வந்ததுக்கப்புறம் எனக்கு இன்னும் மோசமாயிருச்சு!"

"அப்படியா? சொன்னதெல்லாம் செஞ்சீங்களா?"

"ஒண்ணும் செய்யல."

"சரிதான்," என்று கட்டிலைக் காட்டிய அல்பேனா, சட்டைக்கு அடியில் புடைத்திருந்ததைப் பார்த்தாள். "இது என்னக்கா?"

"கச்சை. பாடும்போது கட்டறது."

"பாடுவீங்களா? இவ்வளவு பேசிருக்கோம், சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலயே. புருஷனக்கூடக் கேட்டீங்க, இதக் கேக்கல." அதுவரை அவள் எவரிடமும் சொல்லாதது அப்போதுதான் வெளியே வந்தது: திடல், கூவல், மோர்க்குடம், பவ்லீனா, எலியா திருநாள். சொல்லச் சொல்ல நடந்துகொண்டே இருந்தாள், சன்னலுக்கும் கதவுக்குமாக.

அல்பேனா கேட்டு முடித்து, "பாடுங்க," என்றாள்.

"இங்கயா?"

"இங்கதான். கச்சையோட."

ஒரு கை அவள் அடிவயிற்றிலும் மறுகை முதுகிலுமாக அல்பேனா நிற்க, ஸ்தாமெனா பாடினாள்: "மலமேல மேகம், மேகத்துக்குக் கீழ வெள்ளாடு, வெள்ளாட்டுக்கு முன்னால யாரு..." அடி முடிந்ததும் கூவினாள். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த அறையில் முட்டிக்கு வந்திருந்த ஒரு கிழவர், "யாரும்மா அது? இன்னொரு தரம்!" என்று கூச்சலிட்டார்.

"கண்டுபிடிச்சுட்டேன்," என்றாள் அல்பேனா. "குரல் மேல போகுது, நீங்க கீழ தள்ளுறீங்க. கச்ச நடுவுல நெரிக்குது. பேஸ்ட்ட நடுவுல பிதுக்கினா எங்க ஓட்ட இருக்கோ அங்கல்லாம்தான வரும்? அவுத்துப் போடுங்க இத. இப்ப மத்தவங்க பாடுவாங்கல்ல, அடிக்குரல், அதப் பாடுங்க."

"அது கொஸ்தாதின்கா வேல. ஈ மாதிரி ஒரே எடத்துல முனகறது."

"முனகுங்க."

ஸ்தாமெனா முனகினாள். கச்சை இல்லாத வயிறு முதலில் இறங்கிற்று. பிறகு, முனகல் நீள நீள, அடியிலிருந்து ஏதோ ஒன்று தானாக, மிக மெல்ல, மேலே ஏறிற்று. அவள் திகைத்து நிறுத்தினாள்.

"தெரிஞ்சுதா?" என்றாள் அல்பேனா. "நீங்க ஒண்ணும் இறுக்கல. மூச்ச விட்டீங்க, அது ஏறுச்சு. உங்க அடித்தளம் அடிக்குரலுக்கு ஏறுது, கூவலுக்கு மட்டும் பயந்து கீழ ஓடுது. அதனால மொதல்ல விடுங்க, அப்புறம் உள்ளுக்குள்ள முனகுங்க, அது மேல வரட்டும். அதுமேல ஏறி நின்னு கூவுங்க."

ஐவரும் பாடும் முறை அதுவேதான். அடியில் ஒரு சுருதி தாங்க, அதன்மேல் ஒரு குரல் எழுவது. இதை இத்தனை ஆண்டு வெளியே நாலு பேரிடம் வைத்திருந்தவள், தன்னுள்ளும் ஒரு கொஸ்தாதின்கா இருப்பதை அன்றுதான் அறிந்தாள்.

திரும்பும்போது வழக்கமான பங்கில் ராங்கெல் நிறுத்தினான். அவள் இறங்கவில்லை.

"போலயா?" என்றான்.

"நீங்க காபி குடிக்கல?"

ராங்கெல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்குக் காபி குடிச்சா நெஞ்சு எரியும்னு உனக்குத் தெரியாதா? ஒரு வருஷமா ஒவ்வொரு பங்க்லயும் எதுக்கு நிறுத்துறேன்னு நெனச்ச?"

அவள் வெளியே பார்த்தாள். கண்ணில் நீர் திரண்டு சாலை ஆடிற்று.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீ குறட்டைன்னு சொன்ன. சரி, குறட்டையாவே இருக்கட்டும்னு விட்டேன். சொல்ல வாயில்லாதவகிட்ட என்னத்தக் கேக்கறது?" சற்று நின்று, "உங்கம்மா தச்ச மெத்த நனைஞ்சா காயாதா என்ன?" என்றான்.

அன்று மாலையே அவள் தலையணையை எடுத்துக்கொண்டு பழைய அறைக்குத் திரும்பினாள். குறட்டை உண்மையில் தாங்கத்தான் முடியவில்லை.

அதன்பின் ரொட்டிக்கடையில் மாவு மூட்டை எழும்போதெல்லாம் ஒரு முனகலும் எழுந்தது. "ஏம்மா, மூட்டைக்குத் தாலாட்டா?" என்று கடைக்காரர் கேலி செய்தார். அவள் முனகிக்கொண்டே தூக்கினாள். சில நாள் உலர்ந்து வந்தாள். சில நாள் வரவில்லை. நல்ல நாளுக்குப் பின் கெட்ட நாள் வந்தால் எல்லாவற்றையும் விட்டெறிவாள். மறுநாள் விடியலில் மல்லாந்து படுத்து மூச்சைக் கீழே அனுப்புவாள். இருப்புக் கொள்ளாமை எளிதில் போகவில்லை. பாட்டுக் கூட்டத்துக்கு மட்டும், வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

எலியா தீர்க்கதரிசியின் திருநாளும் வந்தது. திடலில் கொப்பரைகளில் காணிக்கைக் கறி கொதித்தது. பாதிரியார் புகை காட்டினார். இடியை ஆளும் அப்புனிதரிடம் ஆலங்கட்டி வேண்டாம், மழை வேண்டாம் என்று ஊரார் வேண்டிக்கொண்டார்கள். ஸ்தாமெனா ஒருத்தி மட்டும், கூவும் நேரத்தில் ஒரு பெருமழை கொட்டாதா, ஊரே நனைந்துவிடாதா என்று வேண்டினாள். மலையின்மேல் கருமேகம் நின்றது, வருவதாக இல்லை.

பள்ளிக்கூட அறையில் பெண்கள் உடுத்திக்கொண்டிருந்தார்கள். கச்சை கட்டுவது அங்கே இருவர் வேலை: ஒருத்தி நுனியை இழுத்துப் பிடிக்க, மற்றவள் தானே சுழன்று சுற்றிக்கொள்ள வேண்டும். கொஸ்தாதின்கா நுனியைப் பிடித்தாள், இறுக்கினாள்.

"தளர்த்துடி," என்றாள் ஸ்தாமெனா.

"தளர்த்தறதா?" பவ்லீனா கண்ணாடியிலிருந்து திரும்பினாள். முதற்குரல் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாத கசப்பு அவளுக்கு. "கச்ச தளந்தவ கற்பு தளந்தவன்னு சொல்வாங்க. ஊரு பாக்குமே அக்கா? இறுக்கிக் கட்ட முடியலன்னா ஒதுங்கிக்கறதுதான?"

ஸ்தாமெனாவின் தலை மேல்நோக்கி வெட்டப் போயிற்று. நடுவிலே நின்றது. வாய்தான் பேச வேண்டும்.

"எனக்கு மூத்திரம் கசியுது," என்றாள். "ஒரு வருஷமா. இறுக்கினா இன்னும் கசியும். ஜார்ஜ் திருநாள்ல மேல ஊத்தினதுதான் மோர். அடியில இருந்தது மோர் இல்ல."

ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி இதையெல்லாம் திருநாளில் பேச வேண்டுமா என்று முணுமுணுத்தாள். கொஸ்தாதின்கா மெல்ல நுனியைத் தளர்த்தினாள்.

"அப்ப என் கச்சையையும் அவுத்து விடுங்கடி," என்றாள். "நான் தும்மறப்பல்லாம் ஏன் கால கோத்துக்கிட்டு நிக்கிறேன்னு நெனச்சீங்க? ஆட்டமா ஆடுறேன்?"

முணுமுணுத்தவளே முதலில் வெடித்துச் சிரித்தாள். சிரித்தவள் திடீரென்று நிறுத்தி, "அய்யோ, சிரிக்க வைக்காதீங்கடி, எனக்கும் வந்துரும்!" என்று கதவை நோக்கி ஓடினாள். பவ்லீனா சிரிக்கவில்லை. ஆனால் தன் கச்சையில் ஒரு சுற்றை, எவரும் பாராதபோது, இறக்கிவிட்டாள்.

திடலில் ஐவரும் கைகோத்து நின்றார்கள். அடிக்குரல் எழுந்தது. ஸ்தாமெனா பாட்டை எடுத்தாள்: மலை, மேகம், வெள்ளாடு. கால் ஓடத் துடித்தது. அடி முடியும் இடம் நெருங்கிற்று. கைக்கெட்டும் தூரத்தில், மேசைமேல், மோர்க்குடம். முன்வரிசையில் ராங்கெல், கையில் குடியாத காபி. அவள் மூச்சை உள்ளே விட்டாள்; வயிறு இறங்கிற்று, தளம் இறங்கிற்று, ஓராண்டு ஏற்றிவைத்த நாண் இறங்கிற்று. உள்ளே ஒரு முனகல். ஏறிற்று. அதன்மேல் நின்று கூவினாள்.

குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. சரிவில் எங்கோ ஒரு நாய் மறுமொழி சொன்னது.

ஒரு துளி வந்தது; ஒன்றுதான். அவளுக்குத் தெரிந்தது. அவள் கை மோர்க்குடத்தின் பக்கம் போகவில்லை. அடுத்த அடியை எடுத்தாள், அதற்கடுத்ததையும். ஒவ்வொன்றின் முடிவிலும் கூவினாள். மழை, கறி பரிமாறி எல்லாரும் கிண்ணத்தோடு அமர்ந்த பிறகுதான் வந்தது. அனைவரும் கூரைக்கு ஓட, ஸ்தாமெனா தண்ணீர்க் குவளையை முழுதாகக் குடித்துவிட்டு நிதானமாக எழுந்தாள்.

இன்றும் அவள் அல்பேனாவிடம் போய் வருகிறாள். போகும்போது சில வேளை பங்கில் வண்டி நிற்கிறது. சில வேளை நிற்பதில்லை.

ராங்கெலும் ஸ்தாமெனாவும் வாழும் அந்த மனை நீடு வாழ்க. அதன் அடுப்பு அவியாதிருக்க. அதன் கிணறு வற்றாதிருக்க. அதன் கதவுகள் காக்கும் வேளையில் காத்து, திறக்கும் வேளையில் திறக்க. அங்கே கேட்கும் வாயும் சொல்லும் வாயும் என்றும் அடையாதிருக்க. அவ்வீட்டுப் பெண்மக்களின் சிரிப்பை எல்லாம் வல்ல இறைவன் அச்சமின்றி நிறைத்தருள்க.